எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். சட்டம் தொடர்பான ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஒரு நீதிபதியைப் புகழும் இடத்தில் 'டிஸ்இன்டரஸ்டட் ஜட்ஜ்' என்று வந்தது. நான் 'அக்கறையற்ற நீதிபதி' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், புகழ்ச்சியை வசையாக்கிவிட்டீர்கள் என்றார். அப்படியானால் 'அன்இன்டரஸ்டட்' என்ற சொல் எதற்கு? 'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிக்கல்' இரண்டுக்கும் என்னிடமுள்ள அகராதி 'வரலாற்று' என்றே பொருள் தருகிறது. ஒரே வேரிலிருந்து வந்த இத்தகைய சொற்களைப் பிரித்தறிய மனப்பாடத்தைத் தவிர வேறு வழி உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். உங்கள் நண்பர் சொன்னது சரிதான். ஆனால் அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் முன்னொட்டு அல்ல. 'இன்டரஸ்ட்' என்ற அடிச்சொல்லே இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஒன்று, மனத்தின் ஆர்வம். மற்றொன்று, ஒரு விவகாரத்தில் ஒருவருக்கு இருக்கும் பங்கு, ஆதாயம், சொந்த நலன். 'அன்இன்டரஸ்டட்' என்பது ஆர்வத்தை மறுக்கிறது. 'டிஸ்இன்டரஸ்டட்' என்பது ஆதாயத்தை மறுக்கிறது. வழக்கின் முடிவால் தனக்கு எந்த லாபமும் நட்டமும் இல்லாத நீதிபதியையே உங்கள் கட்டுரையாசிரியர் புகழ்கிறார். அவர் வழக்கில் முழு ஈடுபாட்டுடன் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

இந்தப் பிரிவினை முன்னொட்டுகளின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இன்றைய வழக்குக்கு நேர்மாறாக, ஆர்வமின்மையைச் சொல்ல 'டிஸ்இன்டரஸ்டட்' என்றும், பக்கம் சாராமையைச் சொல்ல 'அன்இன்டரஸ்டட்' என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் காலப்போக்கில் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுத்ததே இன்றைய வேறுபாடு. இன்றும் பலர் ஆர்வமின்மைக்கு 'டிஸ்இன்டரஸ்டட்' என்று எழுதுகிறார்கள். அகராதிகளும் அதைப் பதிவு செய்கின்றன. ஆயினும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தச் சொல் கைநழுவினால் அதன் இடத்தை நிரப்ப ஆங்கிலத்தில் வேறு ஒற்றைச் சொல் எளிதில் கிடைக்காது.

நடுநிலையைக் குறிக்க 'இம்பார்ஷியல்' இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது நடத்தையைப் பற்றியது, இது நிலையைப் பற்றியது. இங்கிலாந்தில் 1852இல், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் நிறுவனத்துக்கும் டைம்ஸ் என்பவருக்கும் இடையிலான அந்த வழக்கில், லார்டு சான்சலர் என்ற உயர் நீதிப் பதவியில் இருந்த காட்டன்ஹாம் பிரபு நிறுவனத்துக்குச் சாதகமான உத்தரவை உறுதி செய்திருந்தார். அந்த நிறுவனத்தில் அவருக்குப் பங்குகள் இருந்தது பின்னர் தெரியவந்தது. அந்தப் பங்குகள் அவருடைய மனத்தை எள்ளளவும் மாற்றியிருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள் என்று பிரபுக்கள் சபையில் தீர்ப்புரைத்த கேம்பெல் பிரபு தெளிவாகவே கூறினார். இருந்தும் அந்த உத்தரவு செல்லாது என்றாயிற்று. அதாவது, காட்டன்ஹாம் 'இம்பார்ஷியல்'தான், 'டிஸ்இன்டரஸ்டட்' அல்லர். ஒருவருடைய நேர்மையில் ஐயமே இல்லாதபோதும் அவர் அந்த இருக்கையில் அமரக்கூடாது என்று சொல்வதற்கு இந்த இரண்டாவது சொல் தேவைப்படுகிறது.

இனி, வழி உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். அகராதிப் பொருள் ஒன்றுபோலத் தோன்றும் இடத்தில், அந்த வாக்கியத்தில் அச்சொல்லுக்கு எதிராக எந்தச் சொல் நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே வேறுபாடு பிடிபட்டுவிடும். 'ஹிஸ்டாரிக்' தீர்ப்புக்கு எதிர், நாள்தோறும் வழங்கப்படும் சாதாரணத் தீர்ப்பு. 'ஹிஸ்டாரிக்கல்' பாத்திரத்துக்கு எதிர், கற்பனைப் பாத்திரம். முன்னது மதிப்பிடுகிறது, பின்னது வகைப்படுத்துகிறது. முக்கியத்துவம் ஏதுமற்ற ஒரு பழைய ரசீதுகூட 'ஹிஸ்டாரிக்கல்' ஆவணமாகலாம். அது 'ஹிஸ்டாரிக்' ஆகாது. நாம் இரண்டையும் 'வரலாற்று' என்றே பெயர்த்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. முன்னதற்கு 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று ஒரு சொல் கூடுதலாகச் செலவழித்தால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

ஆனால் குறுகிய வடிவம் எப்போதும் மதிப்பிடும், நீண்ட வடிவம் வகைப்படுத்தும் என்று விதி வகுத்துவிடாதீர்கள். 'எகனாமிக்', 'எகனாமிக்கல்' இணையில் அது தலைகீழாக இருக்கிறது. 'எகனாமிக்' கொள்கை என்பது பொருளாதாரம் பற்றிய கொள்கை, அவ்வளவே. அதன் எதிரில் கல்விக் கொள்கையோ வெளியுறவுக் கொள்கையோ நிற்கும். 'எகனாமிக்கல்' என்பதன் எதிர் ஊதாரித்தனம். அதனால்தான் ஒரு நாட்டின் 'எகனாமிக்' திட்டம் சிறிதும் 'எகனாமிக்கல்' ஆக இல்லாமல் போகலாம்.

உணர்வோடு தொடர்புடைய சொற்களிலும் இந்தக் கேள்வி கைகொடுக்கும். 'சென்சிபிள்' என்பதன் எதிர் மடமை, 'சென்சிடிவ்' என்பதன் எதிர் மரத்துப்போன தன்மை. பழைய நூல்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே 'சென்சிபிள்' என்பது ஒன்றை உணர்ந்திருப்பதையும் குறிக்கும். உங்கள் அன்பை நான் உணர்கிறேன் என்ற பொருளில் அச்சொல்லை ஆள்வது முன்பு இயல்பாக இருந்தது. 'சென்சுவல்' என்ற சொல்லில் சிற்றின்ப வாடை ஏறிவிட்டதால், புலன்களைப் பற்றிக் களங்கமின்றிப் பேசக் கவிஞர் மில்டன் 1641இல் 'சென்சுவஸ்' என்ற சொல்லைப் புதிதாகவே ஆண்டார். முன்னதன் எதிர் துறவு என்றால், பின்னதன் எதிர் புலனுக்கு எட்டாத அருவக் கருத்து. ஆனால் இன்றைய எழுத்தில் இவ்விரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் விடை தராது. 'கன்டினுவல்', 'கன்டினுவஸ்' என்பவற்றில் எதிர்ச்சொல் உதவுவதில்லை. நடுவே இடைவெளி உண்டா என்றுதான் பார்க்க வேண்டும். விட்டுவிட்டு ஓயாமல் வரும் தொலைபேசி அழைப்புகள் முதல் வகை, அறுபடாமல் ஓடும் நீரோட்டம் இரண்டாம் வகை. மாறாக, 'ஃபிளேமபிள்', 'இன்ஃபிளேமபிள்' இரண்டுக்கும் எதிர் ஒன்றே: தீப்பற்றாதது. அப்படியானால் பொருளும் ஒன்றே. இரண்டாவதில் உள்ள 'இன்' மறுப்பு அன்று. ஆனால் மறுப்பென்று தவறாகப் படிப்பது ஆபத்தாக முடியும் என்பதால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் முதல் வடிவத்தை விரும்புகிறார்கள்.

உங்கள் வாக்கியத்துக்கு 'நடுநிலையான' என்று போட்டால் 'இம்பார்ஷியல்' ஆகிவிடும். 'பற்றற்ற' என்றால் துறவியின் சாயல் வந்துவிடும். 'வழக்கில் சொந்த ஆதாயம் ஏதுமில்லாத நீதிபதி' என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனாலும் கட்டுரையாசிரியர் சொன்னது முழுமையாக வந்துவிடும்.

அன்புடன்.