ஒன்றே முக்கால் வயதில் சோம்பேறியா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. நினைத்தது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். பக்கத்தில் யார் இருந்தாலும் கடித்துவிடுகிறான். என் ஓரகத்தியின் மகள் இவனைவிட இரண்டு மாதம் சின்னவள். பத்தாவது மாதத்திலேயே நடந்துவிட்டாள். இவன் பதினாலாவது மாதத்தில்தான் நடந்தான். அவள் சொன்ன பேச்சு கேட்கிறாள், இவன் கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை, அவ்வளவு பிடிவாதம். ஒன்றே கால் வயதில் 'காக்கா', 'தா', 'பூ' என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது சோம்பேறித்தனத்தால் அதையெல்லாம் விட்டுவிட்டான். தானும் மூன்று வயதில்தான் பேசியதாக என் கணவர் சொல்கிறார். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமியார். இந்தக் கடிக்கும் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: உங்கள் கடிதம் ஐந்து பக்கம். கடிப்பதைப் பற்றி இரண்டு பக்கம், ஓரகத்தி மகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம், மாமியார் பேசியதைப் பற்றி ஒரு பக்கம். நான் திரும்பத் திரும்ப வாசித்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரே ஒரு வரியைத்தான். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை விட்டுவிட்டான். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம்.

அந்த வார்த்தையை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. அந்த வயதில் எந்தக் குழந்தைக்கும் பேச சோம்பல் வராது. அவன் முதன்முதலில் 'காக்கா' என்று சொன்ன நாளை நினைத்துப் பாருங்கள். வீடே திரும்பிப் பார்த்திருக்கும். கை தட்டியிருப்பீர்கள், இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கொஞ்சியிருப்பீர்கள். ஒரு சொல்லைச் சொன்னால் இத்தனை முகமும் தன் பக்கம் திரும்புகிறது என்று கண்டுகொண்ட குழந்தை அதைத் தானாக விடாது. விட்டால், அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தேடாமல், குழந்தையின் குணத்தில் குறை கண்டுவிட்டீர்கள்.

ஒரு சொல்லை மறந்துவிட்டு நாலு புதுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அது சாதாரணம். பழைய சொற்களும் போய், புதிதாக ஒன்றும் வராமல் மாதக்கணக்கில் போவது அப்படிப்பட்டதல்ல. இருந்த பேச்சோ, சைகையோ, பழகும் விதமோ எந்த வயதில் குறைந்தாலும் உடனே காட்ட வேண்டும் என்பதுதான் குழந்தை வளர்ச்சி மருத்துவத்தின் விதி. 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்பதற்கு இதில் இடமே இல்லை.

உங்கள் கணவர் சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் மூன்று வயதில் பேசியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பேசிவிட்டு நிறுத்தினாரா? தாமதமாகப் பேசியவர் ஒருவர், பேசியதை இழந்த குழந்தை ஒருவன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் பின்னால் எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் குழந்தை எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன் என்றால், இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். என் அக்காவின் பேரன் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. 'ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், பொறுங்கள்' என்று ஒரு மருத்துவர் சொன்னார். வீட்டில் எல்லோரும் அதையே சொன்னோம். அக்கா மருமகள் மட்டும் ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுதாள். எட்டு மாதம் கழித்து இன்னொரு மருத்துவர் பார்த்தபோது, குழந்தைக்கு இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. அவனைச் சுற்றி நாங்கள் பேசியதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல அவனுக்குக் கேட்டிருக்கிறது. பொறு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு அப்புறம் யாரையும் நான் பொறுக்கச் சொல்வதில்லை.

ஆகவே முதலில் காது. சளி, காய்ச்சலுக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்குவது இந்த வயதில் மிகவும் சாதாரணம். வலி இருக்காது, சீழ் வராது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. பாத்திரம் கீழே விழுந்தால் திரும்பிப் பார்க்கிறானே என்று நீங்கள் சொல்லக்கூடும். பெரிய சத்தம் கேட்கும். பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள்தான் தப்பிப்போகும். ஒரு நாள் நன்றாகக் கேட்கும், ஒரு நாள் மந்தமாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்புவதில்லை, பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். பிறந்தபோது காதுப் பரிசோதனை சரியாக இருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது. உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி, தேவைப்பட்டால் ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா என்று சோதனைகள் இருக்கின்றன. குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, வலிக்கவும் செய்யாது. பெராவை அவன் தூங்கும்போது எடுப்பார்கள்.

அடுத்தது, உங்கள் ஐந்து பக்கத்தில் எங்கேயும் இல்லாத சொல். ஆட்டிசம். உங்கள் வீட்டில் யாருடைய மனதிலும் அது வரவில்லை என்று நான் நம்பவில்லை. வந்திருக்கும், வாய்க்கு வரவில்லை. உங்கள் மகனுக்கு அதுதான் என்று ஒரு கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர் ஒன்றே கால் வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில்தான் இப்படி வந்த சொற்களை இழக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது குற்றம்.

இன்றைக்கு அவனைக் கவனியுங்கள். அடக்கமாக இருக்கிறானா என்று பார்க்க வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகத்தைப் பார்க்கிறானா? ஒன்பது மாதக் குழந்தையே திரும்பும். வானத்தில் எதையாவது பார்த்தால் விரலை நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? வேண்டும் என்று கேட்பதற்காக நீட்டுவது ஒன்று; 'நீயும் பார்' என்பதற்காக நீட்டுவது இன்னொன்று. ஒன்றரை வயதில் அந்த இரண்டாவது விரல் வந்திருக்க வேண்டும். நீங்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறானா? சிரித்தால் சிரிக்கிறானா? சொற்களின் எண்ணிக்கையைவிட இவை எனக்கு முக்கியம்.

பேச்சுக்கும் ஓர் அளவு உண்டு. ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயல வேண்டும்; இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய பட்டியலில் இருப்பது. அந்தப் பட்டியலில் உள்ள வயது கெட்டிக்காரக் குழந்தைக்கான வயது அல்ல. 100 குழந்தைகளில் 75 பேராவது அந்தத் திறனை எட்டியிருக்கும் வயதைத்தான் போட்டிருக்கிறார்கள். உங்கள் மகன் மூன்று சொல் என்ற அந்தப் படியை ஒன்றே கால் வயதிலேயே ஏறிவிட்டு, இன்று கீழே நிற்கிறான். அது உங்கள் கண்ணில் படாமல், ஓரகத்தி மகள் நடந்த மாதம் மட்டும் எப்படிப் பட்டது?

நடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியதால் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா என்று ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடப்பது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பத்தாவது மாதமும் சரி, பதினாலாவது மாதமும் சரி, இரண்டும் ஒன்றுதான். அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுங்கள்.

இதைப் படித்ததும் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 'எல்லாம் செல்போனால் வந்த வினை. மூன்று மாதம் போனை நிறுத்திப் பார்ப்போம், அப்புறம் டாக்டரிடம் போகலாம்' என்று யாராவது ஒருவர் சொல்வார். போனை நிறுத்துங்கள், தாராளமாக. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதிலும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆனால் போனை நிறுத்தும் அதே வாரத்தில் மருத்துவரிடமும் போக வேண்டும். போன்மேல் பழியைப் போட்டு மூன்று மாதம் வாங்கிக்கொள்ளும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த மூன்று மாதம் குழந்தையிடமிருந்து எடுத்தது.

தடுப்பூசியால்தான் இப்படி ஆனது என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சுக்கு வேராக இருந்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, தட்டம்மைக்கான முத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று 2019இல் எழுதினார்கள். அடுத்த ஊசியை யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைகள் நல மருத்துவரிடம் போகும்போது 'கடிக்கிறான்' என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் பேச்சு அதிலேயே முடிந்துவிடும். 'பேசிய சொற்களை இழந்துவிட்டான்' என்பது உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும். வளர்ச்சிப் பரிசோதனை வேண்டும், காதுப் பரிசோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கென்றே, ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்கும் எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. ஆம், இல்லை என்று நீங்களே நிரப்பலாம், சில நிமிட வேலை. அதில் வரும் மதிப்பெண் நோயைச் சொல்லாது, இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லும். அங்கேயும் 'பொறுங்கள்' என்றால், இன்னொரு மருத்துவரிடம் போங்கள். பேச்சுப் பயிற்சியைத் தொடங்க, பெயர் வைத்த ஒரு முடிவு கையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூளை வேகமாக இணைப்புகளைப் போட்டுக்கொண்டிருக்கும் வயது இது.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்கிறேன். வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வாயில் சொல் இல்லாத குழந்தை பல்லைத்தான் பயன்படுத்தும். இந்த வயதில் கடிப்பதும் விழுந்து புரள்வதும் பெரும்பாலான வீட்டில் நடப்பவை. கடித்தால் குழந்தையை விலக்கி, 'கடிக்கக் கூடாது, வலிக்கும்' என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடிபட்டவரைக் கவனியுங்கள். வலி தெரியட்டும் என்று அவனைத் திருப்பிக் கடித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். பெரியவர்களும் கடிக்கலாம் என்பதைத்தான் அவன் அதிலிருந்து படிப்பான். கையை விரித்தால் 'தா', கையை அசைத்தால் 'போதும்' என்று இரண்டு சைகை பழக்குங்கள். சைகை பேச்சைத் தடுக்காது.

செல்லம் கொடுத்ததால் எந்தக் குழந்தையும் பேச்சை இழந்ததில்லை. இதை மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஒரு குறை வந்தால் தாயைக் கூண்டில் ஏற்றுவதும், அந்த நேரத்தில் தகப்பன் தன் பால்ய காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு ஒதுங்கி நிற்பதும் குடும்பம் ஆகாது. மருத்துவரிடம் அவரும் வர வேண்டும், படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்ப வேண்டும். மாமியாரையும் விட்டுவிடாதீர்கள். பகலில் அதிக நேரம் அவனோடு இருப்பவர் அவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவன் எதைப் பார்த்துச் சிரிக்கிறான், எதற்குத் திரும்புகிறான் என்பது உங்களைவிட அவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் பழியைக் கேட்டுக்கொண்டது போதும், தகவலைக் கேளுங்கள். வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் உங்கள் மூன்று பேருக்கும் இருக்கிறது. குழந்தைக்கு அந்தப் பயம் இல்லை. அவனுக்குத் தேவை இருக்கிறது.

இன்று ராத்திரி அவன் தூங்கியதும் ஒரு நோட்டை எடுத்து, அவன் இதுவரை சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் எப்போது சொன்னான், கடைசியாக எப்போது சொன்னான், அந்தச் சமயத்தில் காய்ச்சலோ சளியோ இருந்ததா என்று பக்கத்தில் குறியுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் பழைய வீடியோக்களைத் தேடுங்கள். 'காக்கா' என்று அவன் சொல்வது எங்கேயாவது பதிவாகியிருக்கும். அதை மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள். எந்தத் தேதிக்கு நேரம் வாங்கினீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஐந்து பக்கம் வேண்டாம்.