துப்பாக்கி 100 டாலர் மலிவு, தோட்டா?

கேள்வி: ஹூஸ்டனில் பத்து வருடமாக இருக்கிறேன், கிரீன் கார்டு வந்துவிட்டது. அலுவலக நண்பர்களோடு டெக்சாஸ் லானோ பக்கம் மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். இதுவரை இரவல் துப்பாக்கிதான். இப்போது ஒரு நண்பர் தன்னுடைய, 300 வெதர்பி மேக்னம் வகைத் தோட்டா போடும் ரைஃபிளை 650 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். புதிதாக வாங்கினால் அதைப்போல் இரண்டு மடங்காகுமாம். கடையில் 308 வின்செஸ்டர் வகைத் தோட்டா போடும் புது ரைஃபிள் வரியோடு 750 டாலர். தோட்டாவும் விசாரித்தேன்: 20 தோட்டா உள்ள பெட்டி 308-க்கு 32 டாலர், வெதர்பிக்கு 90 டாலர். வருடத்துக்கு ஓரிரு மான் சுடுகிறவனுக்கு இந்த வித்தியாசம் பெரிதா? 2020 போல மறுபடி தட்டுப்பாடு வரும், ஆயிரம் தோட்டா வாங்கிப் போட்டால் முதலீடாகவும் ஆகும் என்கிறார் இன்னொருவர். அதையும் சொல்லுங்கள்.

பதில்: மானுக்கு ஒரு தோட்டா போதும்தான். அந்த ஒன்றுக்கு முன்னால் எத்தனை போகிறது என்று எண்ணிப் பாருங்கள். துப்பாக்கி மேல் மாட்டும் புது ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) 100 கெஜத்துக்குச் சரிசெய்யவே ஏறக்குறைய ஒரு பெட்டி காலியாகும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு தோட்டா ஒத்துப்போகும். எது ஒத்துப்போகிறது என்று பார்க்க இரண்டு மூன்று கம்பெனித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் சீசனுக்கு முன் கொஞ்சம் பயிற்சி. முதல் வருடத்துக்கு ஆறு பெட்டி, அதாவது 120 தோட்டா என்று வைத்துக்கொள்வோம். 308-க்கு 192 டாலர். வெதர்பிக்கு 540.

இப்போது நண்பரின் 'மலிவு' விலையைப் பார்ப்போம். உங்களுக்கு மிச்சம் 100 டாலர். ஒரு தோட்டா 308-இல் 1.60, வெதர்பியில் 4.50. வித்தியாசம் 2.90. முப்பத்தைந்தாவது தோட்டா வெடிக்கும்போது அந்த 100 டாலர் புகையாகிவிடும். இரண்டாவது பெட்டிகூடத் தீர்ந்திருக்காது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான். யானையைச் சும்மாவே கொடுத்தாலும் தீனிச் செலவு நம் தலையில்தான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ரசீதில் வராது. ஒரு குண்டுக்கு நாலரை டாலர் என்றால் கை தானாகக் கஞ்சத்தனம் பார்க்கும். போதாததற்கு வெதர்பி மேக்னம் தோளில் பலமாக உதைக்கும். காசும் போகிறது, தோளும் வலிக்கிறது என்றால் யார் போய்ப் பயிற்சி எடுப்பார்கள்? டெக்சாஸில் மானுக்கு வைத்த தீவனப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற வெள்ளைவால் மானை 100 கெஜத்திலிருந்து சுட வெதர்பி குண்டின் அவ்வளவு வேகம் தேவையும் இல்லை.

விலையைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது, கேட்டால் கிடைக்குமா என்பதை. 308 கடைக்கு வந்தது 1952-இல். அதன் இரட்டைப் பிறவியான 7.62 என்ற ராணுவத் தோட்டாவை 1954-இல் நேட்டோ படைகள் ஏற்றுக்கொண்டன. அதனால் எத்தனையோ தொழிற்சாலைகள் அதை ஓயாமல் செய்கின்றன. 300 வெதர்பி தோட்டா 1944-இல் உருவானது. தயாரிப்பவர்கள் சிலரே, அதையும் அவ்வப்போதுதான் செய்வார்கள். வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் தோட்டாப் பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தது தெரிகிறது என்று வையுங்கள். சின்ன ஊர்த் தீவனக் கடை அலமாரியில் 308, 30-06, 270, 243 வகைத் தோட்டாக்கள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெதர்பி இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

திறமை மட்டும் இருந்தால் ஒரு காலிபர், அதாவது தோட்டா வகை, பிழைத்துவிடாது. 1997-இல் ரெமிங்டன் கம்பெனி கொண்டுவந்த 260 நல்ல தோட்டா. பத்து வருடம் கழித்து, 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்தது. ஆனால் கிரீட்மோர் இன்று எங்கும் கிடைக்கிறது. 260 வாங்கினவர்கள் தோட்டாவைத் தேடி அலைகிறார்கள். 308-இன் உதை அதிகம் என்று தோன்றினால் கிரீட்மோரைப் பாருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

2020-21 தட்டுப்பாடு பற்றி அந்த இன்னொருவர் சொன்னதில் பாதி உண்மை. அப்போது 308-உம்தான் அலமாரியில் இல்லை. தொழிற்சாலைகள் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கே நேரம் ஒதுக்கின, வேட்டைத் தோட்டாக்கள் பின்னுக்குப் போயின. ஆக, அதிகம் விற்கும் காலிபருக்கும் தட்டுப்பாடு வரும். ஆனால் அது சீக்கிரம் திரும்பும், அரிய காலிபர் கடைசியில்தான் திரும்பும்.

அதற்காக ஆயிரம் தோட்டாவா? 1,600 டாலர் அலமாரியில் வட்டியில்லாமல் உட்கார்ந்திருக்கும். பீதி வந்தால் விலை ஏறும், பீதி போனதும் இறங்கும். நீங்கள் எந்த நாளில் யாருக்கு விற்கப் போகிறீர்கள்? அன்று உச்ச விலையில் கிரெடிட் கார்டைத் தேய்த்து வாங்கினவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டா செலவு கணக்கில் வரும் பொருள், முதலீட்டுக் கணக்கில் அல்ல.

நான் சொல்வது இதுதான். முதலில் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒத்துப்போவதில் பத்துப் பெட்டி, 320 டாலருக்கு, ஒரே நேரத்தில் வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண் (ஒரே தடவையில் தயாரானவற்றுக்கு இடும் எண்) எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். லாட் மாறினால் குண்டு விழும் இடம் கொஞ்சம் நகரலாம், மறுபடி ஸ்கோப்பைச் சரிசெய்ய இன்னும் நாலைந்து வீணாகும். அக்டோபர் கூட்டத்தில் போய் நிற்காமல் கோடையிலேயே வாங்கிவிடுங்கள். வீட்டுக்குள் பூட்டி, சூடும் ஈரமும் இல்லாத இடத்தில் வைத்தால் பல வருடம் கெடாது. ஹூஸ்டன் வெயிலில் கார் டிக்கியில் மட்டும் வேண்டாம். வீட்டிலேயே தோட்டா நிரப்பும் கருவிகளை வாங்க ஆசை வந்தால் தள்ளிப்போடுங்கள். வருடத்துக்கு 120 தோட்டாவில் அந்தக் காசு திரும்புவதற்குள் பொறுமை போய்விடும்.

பெட்டி விலையிலேயே 11 சதவீத மத்திய வரி அடங்கியிருக்கிறது. 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி அது வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. மானுக்கு நாமே மொய் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியா வாசகர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம்: அங்கே 2024 ஜூலை முதல் மாநிலமும் தனியாக 11 சதவீதம் வாங்குகிறது, வேட்டைக்கு ஈயம் இல்லாத தோட்டாதான் செல்லும், அதற்கு விலை அதிகம். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்குகளும் உண்டு. வாங்குவதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் ஏன் விற்கிறார்? தோட்டா விலைதான் காரணம் என்றால் பதில் கிடைத்துவிட்டது. அவரிடம் பத்துப் பெட்டி மிச்சமிருந்து, அதையும் சேர்த்தே 650 என்கிறாரா? அப்படியானால் மறுபடி எழுதுங்கள், வேறு கணக்குப் போடுவோம்.