பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் லேப்டாப் வாங்கி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு சார். ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணிட்டு குளிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. ஒருத்தர் ரேம் ஏத்துங்கறார், இன்னொருத்தர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்கறார், பையன் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குப்பாங்கறான். யார் பேச்சைக் கேக்குறது?

பதில்: முதல்ல லேப்டாப் பேச்சைக் கேளுங்க. அது திணறுற நேரமா பார்த்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் போயி டிஸ்க்கை க்ளிக் பண்ணுங்க. ஆக்டிவ் டைம் 100 சதவீதத்துல முட்டிக்கிட்டு நிக்கும், ஆனா கீழ ரீட் ஸ்பீடைப் பாத்தா வினாடிக்கு 1 எம்பி, 2 எம்பின்னு இருக்கும், சிபியு பாட்டுக்கு சும்மா உக்காந்திருக்கும். உங்களுக்கும் இப்படித்தான் காட்டுதுன்னா சந்தேகமே வேணாம், ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். மெமரியும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்னா மட்டும் ரேம் பத்தி யோசிங்க.

ஏன் இப்படின்னா, பழைய லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துற வகை. அரை சுத்துக்கே அஞ்சரை மில்லிசெகண்ட் போயிடும், டேட்டாவைப் படிக்கிற ஹெட் நகர்ற நேரத்தையும் சேத்தா ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்கவே 15 மில்லிசெகண்ட் கிட்ட ஆகும், அதாவது வினாடிக்கு அறுபது எழுபது தடவைதான் தேட முடியும். விண்டோஸ் பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைலை அங்கங்க இருந்து கேக்கும், அங்கதான் மாட்டிக்குது. எஸ்எஸ்டி ஃபைலையெல்லாம் சிப்புலயே வெச்சுக்குற டிரைவ், அதுல சுத்துற சமாச்சாரமே கிடையாது, தேடுற நேரம் 0.1 மில்லிசெகண்ட் அளவுலதான் இருக்கும்.

அதனால விளம்பரத்துல வர்ற வினாடிக்கு 3500 எம்பி, 7000 எம்பியைப் பாத்து மயங்காதீங்க. அதெல்லாம் என்விஎம்இங்கற வேகமான வகை, உங்க 2.5 இன்ச் இடத்துல மாட்டவே மாட்டாது. உங்களுக்குத் தேவை சாதாரண 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, சாட்டாங்கறது உங்க ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்குற அதே கனெக்ஷன்தான். சாட்டா 3 போர்ட்னா 550 எம்பி வரைக்கும் போகும், சாட்டா 2-ஆ இருந்தா அதுல பாதிதான், ஆனாலும் தினப்படி வேலைல உங்களுக்கு வித்தியாசமே தெரியாது, ஏன்னா நீங்க தப்பிச்சது அந்தத் தேடுற நேரத்துல இருந்து. சில லேப்டாப்ல பட்டையான சின்ன எஸ்எஸ்டி சொருகுற எம்.2 ஸ்லாட் இருக்கும், ஆனா அதுலயும் சாட்டா மட்டும் எடுக்குறது உண்டு, மாடல் நம்பர் போட்டு மேனுவலைப் பாக்காம வாங்காதீங்க.

பையன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11 முறைப்படி போடணும்னா இன்டெல்ல எட்டாவது தலைமுறையாவது வேணும், எஸ்எஸ்டி போட்டா அது மாறாது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச சிஸ்டம் ஏதாவது போட்டுக்க ரெடின்னா இன்னும் சில வருஷம் தாராளமா ஓட்டலாம்.

கேள்வி: எஸ்எஸ்டி வாங்கிட்டேன். பழைய டிஸ்க்குல இருக்குறதை அப்படியே அச்சு அசலா க்ளோன் பண்ணவா, இல்ல புதுசா விண்டோஸ் போடவா?

பதில்: ரெண்டுக்கும் முன்னாடி பழைய டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு பாருங்க. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ரீஅலகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் வரியெல்லாம் (டிஸ்க்குல கெட்டுப்போன, கெடப்போற இடங்களோட கணக்கு) மஞ்சளா இருந்தா க்ளோன் ஆசையை விட்டுடுங்க, போட்டோ டாக்குமென்ட்டை முதல்ல வேற இடத்துக்குக் காப்பி பண்ணுங்க. சாகப்போற டிஸ்க்கை முழுசா படிக்க வெச்சா பாதிலயே போயிடலாம். நல்லா இருந்தா யூஎஸ்பி சாட்டா கேபிள் ஒண்ணு வாங்கி க்ளோன் பண்ணலாம், புது எஸ்எஸ்டி சின்னதா இருந்தாலும் யூஸ் ஆன அளவு அதுக்குள்ள அடங்கணும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸோட பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெக்கவரி கீயை முதல்லயே எழுதி வைங்க, இதை மறந்துட்டு அப்புறம் தலைல கை வெச்சு உக்காந்தவங்க நிறைய பேர். என்னைக் கேட்டா வருஷக்கணக்கா குப்பை சேர்ந்த விண்டோஸ்னா புதுசா போடுறதுதான் சுகம்.

மாட்டும்போது பேட்டரியைக் கழட்டிடுங்க, உள்ளேயே இருக்குற பேட்டரின்னா மூடியைத் திறந்ததும் முதல் வேலையா அதோட கனெக்டரை எடுத்துடுங்க. பழைய டிஸ்க்கை மேல தூக்காதீங்க, கனெக்டர்ல இருந்து பக்கவாட்டா இழுத்துட்டு அப்புறம் தூக்குங்க. அதைச் சுத்தி இருக்குற தகர ஃப்ரேமை நாலு ஸ்க்ரூ கழட்டி புதுசுக்கு மாத்தணும், அதை பழைய டிஸ்க்கோட சேத்து தூக்கிப் போட்டுடாதீங்க. எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர், பழைய இடம் 9.5 ஆ இருந்தா ஆடும், கூட வர்ற பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கலாம்.

கேள்வி: டிவிடி டிரைவ் இடத்துல பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போடலாம்ங்கறாங்களே?

பதில்: போடலாம், அதுக்கு கேடி (caddy)ன்னு ஒரு தட்டு விக்குது. 9.5, 12.7 மில்லிமீட்டர்னு ரெண்டு தடிமன்ல வரும், உங்க டிவிடி டிரைவை அளந்துட்டு வாங்குங்க. எஸ்எஸ்டியை மெயின் இடத்துலயே வைங்க, சில மாடல்ல டிவிடி போர்ட் வேகம் கம்மி.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்குல சிதறிக் கிடக்குற ஃபைலை ஒண்ணு சேக்குற மாதிரி எஸ்எஸ்டிக்கும் டிஃப்ராக் பண்ணணுமா?

பதில்: வேணாம். அழிச்ச ஃபைலோட இடம் காலின்னு எஸ்எஸ்டிக்குச் சொல்ற ட்ரிம் கட்டளையை விண்டோஸே அனுப்பிக்கும், நீங்க கொஞ்சம் இடம் காலியா விட்டு வெச்சா போதும்.