லாக்கரில் இல்லாத 22 பவுன்

கேள்வி: மார்த்தாண்டத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். வாழைக்குலை ஏற்ற, பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி செய்கிறேன். இரண்டு வருடமாகப் பணம் கரைகிறது. மனைவிக்குப் பொறுமையே இல்லை. (அவள் நகை 22 பவுன் அடகில் இருக்கிறது. லாக்கரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.) முதல் பெட்ரோல் காரைச் செய்த கார்ல் பென்ஸுக்கும் மனைவி பணம்தானே கைகொடுத்தது? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, பொறுமை இல்லை என்று மனைவியைக் குறை சொல்லிவிட்டு, 22 பவுனை அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்டீர்கள். நம் பக்கத்தில் தோப்பை விற்றுப் பெண்ணுக்கு நகை போடும் அப்பாக்களை உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் செய்தது திருட்டு. வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பென்ஸைத் துணைக்கு அழைக்காதீர்கள். 1871-ல் கூட்டாளி சரிப்படாமல் போனபோது, பென்ஸுக்கு நிச்சயமான பெண் பெர்தா தன் வரதட்சணையைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, அந்தக் கூட்டாளியின் பங்கை வாங்கக் கொடுத்தார். தெரிந்து, விரும்பிக் கொடுத்த பணம். 1886-ல் காப்புரிமை கிடைத்தும் வண்டியை வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் பெர்தாவே இரண்டு மகன்களோடு ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை 100 கி.மீ.க்கு மேல் ஓட்டிப்போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். அதை அவர் வந்து சொன்ன பிறகுதான் ஏற்றத்துக்கென்று ஒரு கியர் சேர்ந்தது. உங்கள் மனைவி பட்டறைக்குள் வந்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சீதன நகை மனைவியுடையது, நெருக்கடியில் கணவன் எடுத்தாலும் திருப்பித் தரும் கடமை உண்டு.

இன்று ராத்திரியே அடகுச் சீட்டை மனைவி கையில் கொடுங்கள். அசல், வட்டி, கெடு தேதி மூன்றையும் அவர் முன்னால் நோட்டில் எழுதுங்கள். வட்டி பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். கெடு தாண்டினால் நோட்டீஸ், பிறகு ஏலம். மறு அடகு வேண்டாம், பழைய வட்டியும் அசலாகிவிடும்.

வண்டி ஓடினால் மட்டும் விற்க முடியாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆம் விதிப்படி, மாதிரி வண்டி அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேற வேண்டும். அந்தச் செலவையும் விசாரித்து அதே நோட்டில் சேருங்கள். முழுப் பாரத்துக்குக் குலை ஏற்றி, குலசேகரம் பக்கத்து ஏற்றத்தில் மோட்டார், கண்ட்ரோலர் சூட்டைப் பாருங்கள். ஏற்றத்தில் கரண்ட் இழுப்பு கூடும். காலி வண்டியைச் சமதரையில் ஓட்டி எடுத்த கிலோமீட்டர் கணக்கு உதவாது.

தொடர்வதா வேண்டாமா என்பதை மனைவி சொல்லட்டும். வேண்டாம் என்றால் மோட்டாரையும் பேட்டரியையும் விற்று, முதலில் நகையைத் திருப்புங்கள்.