ஒரு புகைப்படத்தில் நிறமும் இழையும் எடுப்பாகத் தெரிய எப்படி எடிட் செய்வது?

எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுப் புடவைப் படங்கள்தான். அக்கா வீட்டிலிருந்தபடியே காஞ்சிபுரம் புடவை விற்கிறாள். படம் எடுத்து, திருத்தி, வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் வேலை. அதனால் பதிலும் புடவையை வைத்தே வரும். காரை பெயர்ந்த சுவரானாலும் கோயில் தூணானாலும் விஷயம் பெரிதாக மாறாது.

தொடக்கத்தில் நானும் எல்லாரையும் போல சாச்சுரேஷனை (நிற அழுத்தம்) ஏற்றினேன், ஷார்ப்னெஸ்ஸை (கூர்மை) ஏற்றினேன். ஒரு அரக்குப் புடவை என் படத்தில் குங்குமச் சிவப்பாகப் பளபளத்தது. வாங்கிய அம்மா கூரியரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, வேற புடவை வந்திருக்கு" என்று போன் செய்தார். அதே புடவைதான். திரும்ப எடுத்துக்கொண்டோம். போக வர கூரியர் செலவு எங்கள் தலையில்.

அந்தப் படத்தை மறுபடி திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. நிறம் மட்டும் தப்பாகவில்லை, நெசவையே காணோம். புடவையின் உடல் பகுதி பிளாஸ்டிக் ஷீட் போல வழவழவென்று இருந்தது. ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். பட்டின் இழை நமக்குத் தெரிவதே அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையில் உள்ள சின்ன வித்தியாசத்தால்தான்: ஒன்று 210 என்றால் பக்கத்தில் 225, அதற்குப் பக்கத்தில் 215. சாச்சுரேஷனை ஏற்ற ஏற்ற இவை எல்லாம் போய் 255இல் முட்டி நின்றுவிடும். வித்தியாசம் போச்சு, இழையும் போச்சு. அப்புறம் ஷார்ப்னெஸ்ஸை எவ்வளவு தள்ளினாலும் இல்லாத இழை எங்கிருந்து வரும்?

இதில் ஏமாற ஓர் இடம் உண்டு. வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராமை (படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) நம்பாதீர்கள். அந்த வெளிச்சக் கணக்கில் பச்சைக்குத்தான் பெரும் பங்கு, சிவப்புக்கு அதைவிடக் குறைவு, நீலத்துக்கு மிகக் குறைவு. சிவப்பு நிரம்பி வழிந்தாலும் அந்த வரைபடம் ஒன்றும் நடக்காதது போல நடுவில் உட்கார்ந்திருக்கும். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது ஓரச் சுவரில் ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். செம்பருத்தி, மிளகாய் வற்றல், குங்குமம், எதை எடுத்தாலும் இதே தொல்லைதான்.

இப்போது நான் செய்வதில் பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிடும். நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் புடவையை விரித்து, டியூப் லைட்டை அணைத்துவிடுவேன். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால்தான் ஒவ்வொரு இழையும் ஒரு பொட்டு நிழல் போடும். ஃபிளாஷ் அந்த நிழலைத் துடைத்துவிடும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (கேமராவின் வெளிச்ச அளவு) குறைத்து, ரா ஃபைலாக (கேமரா பதிந்ததைப் பதிந்தபடி வைக்கும் கோப்பு) எடுக்கிறேன். 12 பிட் ரா என்றால் 256க்குப் பதில் 4096 படிகள் கிடைக்கும், பிறகு இழுக்கத் தாராளமாக இடம் இருக்கும். முதல் படத்தில் மட்டும் ஓரமாக ஒரு சாம்பல் அட்டை. வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் படத்தை நீலப் பக்கம் இழுக்கிறது, அதைச் சரிசெய்யப் போய்ப் புடவை மஞ்சள் தட்டிவிடுகிறது.

லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் முதல் வேலை அந்த அட்டையைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச்சாயலை நீக்குவது) சரிசெய்வது. பாதிப் படங்களுக்கு இதற்கு மேல் நிறத்தைத் தொடவே வேண்டியதில்லை. அடுத்து ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகள்) குறைத்து, பிளாக்ஸை (மிக இருண்ட பகுதிகள்) கொஞ்சம் இறக்குவேன். சிவப்பு இன்னும் முட்டினால், கலர் மிக்ஸரில் சிவப்பை மட்டும் எடுத்து சாச்சுரேஷன் 10, லூமினன்ஸ் (அந்த நிறத்தின் வெளிச்சம்) 15 குறைப்பேன். நிறத்தைக் கூட்டக் கேட்டால் குறைக்கச் சொல்கிறானே என்று தோன்றும். செய்து பாருங்கள்: சிவப்பு இறங்கியதும் அரக்கின் ஆழம் வரும், கூடவே காணாமல் போன நெசவும் வரும். கூட்டியே ஆக வேண்டும் என்றால் வைப்ரன்ஸ். அது வெளிறிய நிறங்களைத்தான் அதிகம் தூக்கும், ஏற்கெனவே அழுத்தமானவற்றை அவ்வளவாகச் சீண்டாது.

இழைக்கு டெக்ஸ்சர் ஸ்லைடர் 20, 25 போதும். 2019இல் வந்த வசதி இது. அதற்கு முன் எல்லாரும் கிளாரிட்டியைத்தான் நம்பியிருந்தார்கள், இன்னும் பலர் அதிலேயே இருக்கிறார்கள். கிளாரிட்டி பெரிய பெரிய பகுதிகளின் நிழலை அழுத்தும். புதுப் புடவை ஐந்தாறு கல்யாணம் பார்த்தது போல அழுக்கேறித் தெரியும். ஜரிகைக்கு மட்டும் தனியாக மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து), ஹைலைட்ஸை இன்னும் இறக்கி, டெக்ஸ்சரைக் கூட்டுகிறேன். ஜரிகை வெள்ளையாக வெடிக்காமல் இருந்தால்தான் பொன்னாகத் தெரியும். போனில் ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப் வைத்திருப்பவர்களுக்கு டீடெய்ல்ஸ் பகுதியில் உள்ள ஸ்ட்ரக்சர் ஏறக்குறைய இந்த வேலையைச் செய்யும், 15ஐத் தாண்ட வேண்டாம்.

பெரிதாக்கிப் பார்க்கும்போது நெசவின் மேல் வானவில் வரிகள் தெரிந்தால் அது மோய்ரே. எடிட்டிங்கில் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், ஓரடி தள்ளி நின்று மறுபடி எடுப்பது சுலபம். சேமிக்கும்போது கலர் ஸ்பேஸ் (நிற வரம்பு) எஸ்ஆர்ஜிபியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் நசுங்காது. எடிட் செய்யும் திரையில் கண் பாதுகாப்பு மோடு அணைந்திருக்கட்டும். நான் ஒரு முழு இரவு வேலையை அதனால் மறுபடி செய்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் இன்றும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். மயில்கழுத்து. பாவு (நீளவாட்டு இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம், அசைத்தால் நீலம் பச்சையாகும். ஒரு படத்துக்குள் இரண்டையும் கொண்டுவர மாஸ்க், கலர் கிரேடிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதுவும் உண்மையாக இல்லை. இப்போதெல்லாம் அந்தப் புடவைக்கு எடிட்டே கிடையாது. அக்கா முந்தியைப் பிடித்து மெல்லத் திருப்புவாள், பத்து விநாடி வீடியோ எடுத்துப் போட்டுவிடுகிறேன்.