அறிவு ஆறு

வணக்கம் ஐயா,

நண்பர்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு கேரக்டராகிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கிற ஆட்டம். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். கேரக்டர் உருவாக்கும்போது பலம், அறிவு, வசீகரம் போன்றவற்றுக்கு எண் போட, மூன்று பகடை உருட்டி வரும் கூட்டுத்தொகையை அப்படியே எழுதிக்கொள்வதா, நான்கு உருட்டிச் சிறியதைக் கழிப்பதா என்று சண்டை. வசீகரத்தை யாரும் பயன்படுத்துவதில்லை, எடுத்துவிடலாமா? அப்புறம், அறிவு 8க்குக் கீழே இருந்தால் புதிருக்கு விடை சொல்லக்கூடாது என்று நானாக ஒரு ஹவுஸ் ரூல் வைத்திருக்கிறேன். ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

கே.

அன்புள்ள கே,

1974இல் ஆட்டம் வெளிவந்தபோது மூன்று பகடைதான். சராசரி 10.5, 18 விழ 216இல் ஒரு வாய்ப்பு. நான்கு உருட்டிச் சிறியதைத் தள்ளினால் சராசரி 12.24, 18 விழுவது ஏறக்குறைய 62இல் ஒன்று. எது வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வசீகரம் பயன்படவில்லை என்றால் பேசித் தீர்க்கிற இடமே உங்கள் கதையில் இல்லை என்று அர்த்தம். அதை வசீகரத்தின் தலையில் கட்டாதீர்கள்.

அந்தக் கடைசி விதிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம் அது. நானும் அதைச் செய்திருக்கிறேன்.

என் நண்பன் ஒருவன், கூச்ச சுபாவி. அவனுடைய கோடரி வீரனுக்கு அறிவு 6. ஒரு கல்கதவு, மூன்று நெம்புகோல், அரை மணி நேரமாக மற்றவர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அவன் மெல்ல நிமிர்ந்து ஒரு வழி சொன்னான். சரியான விடை. "உன் ஆளுக்கு அறிவு ஆறுதானே, இதெல்லாம் எப்படித் தோன்றும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான். அதன்பின் அன்று இரவு "வெட்டுகிறேன்" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

பலம் 18 என்று எழுதி வைத்திருப்பவரை எழுந்து நின்று தண்டால் எடுத்துக் காட்டச் சொல்வீர்களா? மாட்டீர்கள். அறிவு 18 வைத்திருப்பவர் புதிரில் திருதிருவென்று விழித்தால் காதோடு விடை சொல்லிக் கொடுப்பீர்களா? அதுவும் இல்லை. அறிவு குறைந்தவருக்கு மட்டும் வாய்ப்பூட்டு. என்ன நியாயம் இது? ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் அறிவு 6 என்றால், அறிவைச் சோதிக்க உருட்டும் இருபது பக்கப் பகடையில் இரண்டு குறையும். புத்தகம் தந்த தண்டனை அவ்வளவுதான், மிச்சமெல்லாம் நீங்கள் போட்டது. யோசனை ஆடுபவருடையது. அந்த மந்த வீரன் தடுக்கி விழுந்து சரியான நெம்புகோலைப் பிடித்தான் என்று கதை கட்ட உங்களால் முடியாதா? அதற்குத்தானே கேம் மாஸ்டர்! முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் அந்த நண்பரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் நண்பன் புதுக் கேரக்டரோடு வந்தான். அறிவு 17. வீட்டிலேயே உருட்டியதாகச் சொன்னான். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.