படம் பார்த்து அழுதது தவறா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெல் கிப்சன் எடுத்த ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ படத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். சாட்டையடியைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன், படம் முடிந்தும் அழுகை நிற்கவில்லை. கூடப் பார்த்த தோழியோ, “இது பக்தியே இல்லை, வெறும் ரத்தம், யூதர்கள்மேல் வெறுப்பைக் கிளப்புகிற படம்” என்று கோபமாகச் சொல்லிவிட்டாள். நான் அழுதது தவறா?
– ஒரு வாசகி

பதில்: அழுததில் என்ன தவறு? சின்ன வயதிலிருந்து ஜெபத்தில் கூப்பிட்ட பெயர், சிலுவைப்பாதையில் முழங்காலிட்டு நினைத்த பாடுகள், அதெல்லாம் கண்முன்னே சதையும் ரத்தமுமாக வந்து நின்றால் மனசு உடையத்தான் செய்யும். ஆனால் உங்கள் தோழியின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, பக்தி இல்லாதவர் என்று அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

முதலில் அந்தச் சாட்டையடி. யோவான் நற்செய்தியில் ரோம ஆளுநன் பிலாத்து இயேசுவை வாரினால் அடிப்பித்தான் என்று ஒரே வரிதான், மற்ற நற்செய்திகளும் அந்த அடியை விவரிப்பதில்லை. படத்திலோ முதலில் பிரம்பு, அப்புறம் முனையில் கொக்கிகள் வைத்த சவுக்கு. ஒரு சிப்பாய் அதை மேசையில் அடித்துப் பார்க்கிறான், கொக்கி மரத்தில் குத்தி மாட்டிக்கொள்கிறது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அங்கேயே நமக்கு வயிறு கலங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட விவரங்களில் பலவும் பைபிளில் இல்லாதவை. பிலாத்துவின் மனைவி கொடுத்த துணிகளால் மரியாள் ரத்தத்தைத் துடைக்கிறாரே, அது ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரி கண்டதாகச் சொன்ன தரிசனங்களிலிருந்து வந்தது. அவர் 1824-ல் இறந்தவர். ஆகவே நீங்கள் பார்த்தது நற்செய்தியும், ஒரு துறவியின் தியானமும், ஓர் இயக்குநரின் கற்பனையும் கலந்த படம். “அப்படியே நடந்தது இதுதான்” என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கேட்டால், அந்தக் காட்சி நீள நீள எனக்கு மரத்துத்தான் போனது. என்னை உலுக்கியது வேறு இடம். சிலுவையோடு இயேசு விழுகிறார், சிறுவனாக அவர் தடுக்கி விழுந்த ஒரு நாள் மரியாளுக்கு நினைவு வருகிறது, அன்று ஓடிய மாதிரியே இன்றும் ஓடுகிறார். மயா மோர்கென்ஸ்டெர்ன் என்ற ருமேனிய நடிகை நடித்தது, அவர் யூதர். பெற்ற பிள்ளை விழுந்தால் ஓடுகிற தாயைப் புரிந்துகொள்ள எந்த மதமும் வேண்டியதில்லை, படத்தின் பெரிய பலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி தோழி சொன்ன விஷயம். சிலுவைச் சாவு ரோமர்களின் தண்டனை, தீர்ப்புச் சொன்னவன் ரோம ஆளுநன். அந்தக் காலத்து யூத எழுத்தாளர்களான பைலோவும் ஜோசிபஸும் பிலாத்துவை இரக்கமில்லாத ஆளாகத்தான் எழுதியிருக்கிறார்கள். படத்திலோ அவன் மனச்சாட்சி உறுத்தித் தவிக்கிற நல்லவன், யூதத் தலைமைக் குரு காய்பாவும் கூட்டமும்தான் விடாப்பிடியாக மரணம் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் புனித வாரத்தில் யூதர்கள் தாக்கப்பட்டதற்கு, இயேசுவைக் கொன்றது யூதர்கள்தான் என்ற இந்தக் குற்றச்சாட்டு காரணமாக இருந்தது. இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்மேலும் பழிபோட முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபையே 1965-ல் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. 2004-ல் படம் வந்தபோது, “இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்” என்ற வசனத்துக்கு சப்டைட்டிலை எடுத்துவிட்டார்கள், ஒலியில் மட்டும், இயேசு காலத்து அரமேய மொழியில் விட்டுவைத்தார்கள். எனக்கு அது போதாது. ஆணி அடிக்கிற காட்சியில் தெரிகிற கை தன்னுடையது, குற்றம் நம் எல்லாருடையதும் என்று கிப்சன் சொன்னது உண்மைதான்; ஆனால் அதைத் திரையில் பார்க்கிறவனுக்கு யார் சொல்வார்கள்?

தோழியோடு மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் எந்த இடத்தில் அழுதீர்கள், அவர் எந்த இடத்தில் கொதித்தார் என்று கேட்டுக்கொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கேள்வி: மதத்தை அவமதிக்கிற படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதிர்க்க வேண்டுமா?
– ஒரு வாசகர்

பதில்: பார்க்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் படத்தில் இன்னது இருக்கிறது என்று மேடையேறிச் சொல்வதானால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மார்ட்டின் ஸ்கார்செஸி 1988-ல் எடுத்த ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்’, இது நற்செய்திகளை வைத்து எடுத்ததல்ல என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. எதிர்த்தவர்களில் பலர் அந்த அறிவிப்பைக்கூடப் பார்த்ததில்லை. அதே வருடம் பாரிசில் அந்தப் படம் ஓடிய ஒரு தியேட்டருக்குத் தீ வைத்தார்கள், உள்ளே இருந்தவர்கள் காயப்பட்டார்கள். இதை எந்த விசுவாசத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. மனம் புண்பட்டால் எழுதுங்கள், பேசுங்கள், வாசலில் நின்று அமைதியாக எதிர்ப்புக் காட்டுங்கள்.

கேள்வி: தவக்காலத்தில் என் பத்து வயது மகனுக்குக் கிப்சன் படத்தைக் காட்டலாமா?
– ஒரு தாய்

பதில்: வேண்டாம்மா. அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்த படம் அது. 2005-ல் சில நிமிடங்களை வெட்டி மறுபடி வெளியிட்டார்கள், அதுவும் சிறுவர்களுக்கானதாக ஆகிவிடவில்லை. பயத்தைப் பக்தி என்று பிள்ளை மனதில் பதித்துவிடாதீர்கள். இப்போதைக்குக் கதையாகச் சொல்லுங்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். வளர்ந்தபிறகு அவனே பார்க்க ஆசைப்பட்டால் பக்கத்தில் உட்காருங்கள், நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.